மங்கலாக்கிய முகமும் மறைக்காத சேலையும்

சாமி,

வருகிற மாதத்திலிருந்து சேலம் ஆபீசுக்கு நீதான் பொறுப்பு என்று உன் தங்கச்சி சொன்னாள். சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாச் செய்தியும் இனி உன் கண்ணைத் தாண்டித்தான் டிவிக்கும் போனுக்கும் போகுமாம். அந்தச் சேதி வந்தபோது நான் ஆடு வாங்க மேச்சேரிச் சந்தையில் நின்றிருந்தேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தவரிடம், "என் பையன் பெரிய ஆளாயிட்டானுங்க" என்றேன். "அப்படீன்னா நீங்க இன்னுங் கொஞ்சம் சேத்தியே குடுக்கலாமுங்க" என்று அவர் என் இன்னொரு விரலையும் சேர்த்து அமுக்கிவிட்டார். சிரித்துக்கொண்டே ஆட்டை ஓட்டி வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் குறையொன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் உன் ஆபீசில் சிரிப்பார்கள் என்று அவளாகத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். திருத்தட்டும், விஷயத்தை மாற்றாமல் இருந்தால் சரி. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குப் புதிதில்லை. ஆனால் காதில் ஒரு தடவை விழுந்தது எனக்குள்ளிருந்து போகாது. காலையில் பால் ஊற்றப் போகிற சொசைட்டியில் செக்ரட்டரி பேப்பர் படிப்பார், நாங்கள் பால் கேனோடு வரிசையில் நின்று கேட்போம். நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். எந்தச் செய்தி எந்த வார்த்தையில் ஆரம்பித்தது, எது பாதியில் நின்றது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். நீ படித்தவன், நான் கேட்டவன். அந்தத் தைரியத்தில்தான் உன் தொழிலைப் பற்றிப் பேசுகிறேன்.

இதை நீ மட்டும் படித்து மடித்து வைக்க வேண்டாம். உன் ஆபீசில் எல்லாரும் கேட்கிற மாதிரி படி. நாளைக் காலை சொசைட்டியிலும் இதைப் படிக்கச் சொல்லப் போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். இதில் வருகிற பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் பெயரோ, அவள் வேலை பார்க்கிற கோழிப்பண்ணையின் பெயரோ இதில் வராது.

போன வாரம் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். செக்ரட்டரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யா, உங்க பையன் எடுத்த நியூசுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். நாலு பேருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். "கோழிப்பண்ணையில் நடந்தது என்ன? பெண் ஊழியரின் பரபரப்புப் புகார்" என்று ஒரு குரல் ஏறி இறங்கியது. பின்னால் பேய்ப்படத்துக்கு வாசிக்கிற மாதிரி ஒரு வாத்தியம். முட்டை தரம் பிரிக்கிற அறையில் மேலாளர் தன் கையைப் பிடித்து இழுத்தார், போனில் தகாததை அனுப்பினார் என்று அவள் புகார் கொடுத்திருக்கிறாள். அது ஒரு வரிதான். அதற்குப் பிறகு அவள் வயது, அவள் கணவன் திருப்பூரில் இருப்பது, ஒரு குழந்தை இருப்பது, விடியாத நேரத்தில் அவள் தனியாகப் பண்ணைக்குப் போவது என்று வரிசையாக வந்தது. பிறகு மேலாளர் வந்தார். அவர் வந்ததும் வாத்தியம் நின்றுவிட்டது. அவருக்கு இருபது வருஷ அனுபவம், கோயில் திருப்பணிக்கு முன்னால் நிற்பவர், "தங்கமானவர்" என்று பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் சொன்னார், இப்படி. அவருக்கு என்ன வயது, அவர் குடும்பம் எங்கே இருக்கிறது, தீவனக் கணக்குப் பார்க்க வேண்டியவர் அந்த நேரத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்கு எதற்குப் போனார், ஒன்றும் இல்லை.

முடிந்ததும் வரிசையில் நின்ற ஒருத்தர் சொன்னார்: "புருசன் திருப்பூர்லயாமா? அப்பச் சரி."

சாமி, அந்த 'அப்பச் சரி'க்கு உங்கள் செய்திதான் தடம் போட்டுக் கொடுத்தது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு பெண் புகார் கொடுத்தாள் என்று கேட்கும்போது மனசுக்குள் ஒரு கேள்வி வருமல்லவா, அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நீங்கள்தான் காட்டினீர்கள். முட்டை லாரி ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்தரைக்கே தரம் பிரிக்க உட்கார வேண்டும். அவள் மட்டுமல்ல, முப்பத்திரண்டு பெண்களும் விடியாத நேரத்தில்தான் போகிறார்கள், பண்ணை வேனில் போகிறார்கள். புதுச்சத்திரத்து ரோட்டோரத்தில் நின்று பார்த்தால் தெரிகிற விஷயம்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நாம் பேசியது உனக்கு மறந்திருக்கலாம், ஆபீஸ் வேலை. எனக்கு மறக்கவில்லை.

"ஏஞ்சாமி, அந்தப் புள்ள தனியாப் போகுதுன்னு யாரு சொன்னது?"

"பண்ணையில சொன்னாங்கப்பா."

"அந்தப் புள்ளகிட்டக் கேட்டயா?"

"போன் பண்ணுனனுங்க, எடுக்கல."

"எத்தன தடவ?"

"ஒருக்காங்க."

"அந்த மேலாளருகிட்ட?"

"அவரு நேர்லயே வரச் சொன்னாருங்க, போய்ப் பாத்தனுங்க."

"டீயா, காப்பியா?"

"அப்பா, நீங்க வக்கீலுக்குப் போயிருக்கோணும்" என்று சிரித்தாய். பிறகு, தலைப்பு நீ வைக்கவில்லை, மேலே இருக்கிறவர்கள் வைத்தது என்றாய். "முகத்த மங்கலாக்கித்தானுங்க போட்டோம், சட்டப்படி அது போதுமுங்க" என்றாய். நீ பொய் சொல்கிற பையன் இல்லை. முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்தது நானும் பார்த்தேன். ஆனால் கழுத்துக்குக் கீழே?

ஆயுத பூஜைக்குப் பண்ணையில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி சேலை கொடுத்திருக்கிறார்கள். இளம்பிள்ளையில் மொத்தமாக எடுத்தது, மாம்பழக் கலர், கரை மயில்கழுத்துக் கலர். அதைக் கட்டிக்கொண்டு பூஜையன்று எல்லாரும் நின்று எடுத்த படத்திலிருந்துதான் நீங்கள் அவளை எடுத்திருக்கிறீர்கள். முகத்தை மறைத்தீர்கள், சேலையை விட்டுவிட்டீர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தச் சேலை முப்பத்திரண்டு வீட்டுக் கொடியில் காய்கிறது. அதைப் பார்த்தவனுக்கெல்லாம் முப்பத்திரண்டு பேரில் யார் என்று எண்ணிப் பார்க்கிற வேலையைக் கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து சரசு வந்தாள். அவளும் அதே பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறவள், நம் தோட்டத்துக்கு மேற்கே குடியிருக்கிறாள், நாக்கில் சுண்ணாம்பு தடவியவள் மாதிரி பேசுவாள், உனக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங் மாமா, உங்க பையனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்லீங்க?"

"உள்ள வா அம்மிணி. என்னன்னு சொல்லு."

"உள்ள வந்து உக்காந்தா அழுதுபோடுவனுங்க, நின்னுட்டே திட்டீட்டுப் போறனுங்க. எங்கூட்டுக்காரரு போனக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேராக் காட்டி, 'இது நீதானா, சொல்லு'ங்கறாரு. மூஞ்சியே இல்லாத படத்தக் காட்டி நீயாங்கறாருங்க! தக்காளி வாங்கப் போனா, 'பண்ணைக்கா அம்மிணி?'ன்னு சிரிக்கறானுங்க. முப்பத்திரண்டு பேத்துக்கும் இதேதானுங்க."

"படம் ஆருகிட்ட இருந்து போச்சு?"

"ஆபீசுச் செவுத்துல மாட்டி வெச்சிருக்கற படமுங்க அது. அந்தாளுதான் நடுவால மாலையோட நிக்கறான். பக்கத்துல ரெண்டாவது ஆளு இந்தப் புள்ள. அவன வெட்டிப்போட்டு அவள எடுத்துக்கிட்டாங்க. கத்திரி புடிச்ச கை உங்க பையனோடதுங்களா, வேற ஆரோடதுங்களா?"

அதே கேள்விதான் எனக்கும், சாமி. உன்னிடம்தான் கேட்கிறேன். ஒரே படத்தில் புகார் கொடுத்தவளும் இருக்கிறாள், புகாருக்கு ஆளானவரும் இருக்கிறார். வெட்டும்போது ஒருத்தரைத் தூக்கிக் கீழே போட வேண்டியிருந்தது. அவரைப் போட்டீர்கள். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். யோசிக்காமலே கை அந்தப் பக்கம் போகிறது பார், அதைத்தான் சொல்ல வந்தேன். படத்தைப் பண்ணை ஆபீஸ் கொடுத்ததே, ஏன் கொடுத்தது என்றாவது கேட்டிருக்கலாம்.

சரசு கடைசியில் சொன்னதுதான் முக்கியம். மேலாளர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர். சரசு ஒருத்தி. வியாழக்கிழமை பண்ணையில் விசாரணைக் குழு உட்காருகிறது, வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவும் வருகிறார். மூன்று பேரும் பார்த்ததைச் சொல்வதாக இருந்தார்கள். உங்கள் செய்தி வந்த பிறகு மூன்று பேரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். "பேருல்லாத படத்துக்கே இந்தப் பாடு. நேர்ல போயிப் பேசுனா எங்களயும் கட்டங்கட்டமாப் போட்டுருவாங்க" என்றாள். சாட்சி இல்லாவிட்டால் அந்தப் பெண் சொன்னது காற்றோடு போகும். புகாரை வாபஸ் வாங்கிவிடலாமா என்று அவள் கேட்கிறாள். நடந்த தப்பு ஒன்று என்றால், அதைச் சொன்ன விதத்தில் இன்னொன்று நடந்திருக்கிறது. இந்த இரண்டாவது உன்னுடையது.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். அதனால்தான் என் கதையைச் சொல்கிறேன். நம் வீட்டில் உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது, அவளும் போய்விட்டாள்.

நீ ஆறாம் வகுப்புப் படித்த சமயம். நம் ஊருக்கு ஒரு நர்சம்மா இருந்தார். நீ கால் முன்னால் வந்து பிறந்தவன், டவுனுக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் அந்தம்மாதான் கையாலேயே உன்னைத் திருப்பி எடுத்தார். அவர் தன் மேலதிகாரி ஒருத்தர் மேல் புகார் கொடுத்தார், இதே மாதிரிப் புகார். பேப்பர்காரர் ஒருவர் விசாரிக்க சொசைட்டிக்கு வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் கேமரா. "அந்தம்மா எப்படிங்க?" என்று எங்களைக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து அவர் சிரித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல அம்மாதானுங்க. சாயங்காலமானா நல்லாப் பூ வெச்சுக்கிட்டுப் போகும்" என்றேன். இவ்வளவுதான். அந்தம்மா சாயங்காலம்தான் இரண்டு காட்டுவளவுக் குடியிருப்புக்கு நடந்துபோய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஊசி போடுவார், பூவும் வைத்திருப்பார். இரண்டும் நிஜம்.

மறுநாள் செக்ரட்டரி படித்தார். "மாலை நேரங்களில் தலை நிறையப் பூச்சூடி அலங்காரமாக வெளியே செல்வது இவரது வழக்கம் என்று ஊர்மக்கள் தெரிவித்தனர்." எத்தனையோ வருஷம் ஆகியும் ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன் பார். அந்த ஊர்மக்கள் நான் ஒருத்தன்தான். அதிகாரியின் பெயர் அதில் இல்லை. நர்சம்மாவின் படம் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, வீட்டுக்கு ஓடிவந்து உன் அம்மாவிடம், "நாஞ் சொன்னது பேப்பர்ல வந்திருக்குது" என்றேன். அடுப்படியில் இருந்தவள் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, பூ வெச்சாக் குத்தமுங்களா? நானுந்தான் வெக்கறேன். என்னயும் பேப்பர்ல போடச் சொல்லுங்க, போங்க."

அதற்குப் பிறகு ஒரு மாதம் உன் அம்மா தலையில் பூ வைக்கவில்லை. என்னிடம் சண்டையும் போடவில்லை. நான் வாங்கி வந்த பூவை சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். நர்சம்மாவை மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, அந்தம்மா சொன்னது நிஜம் என்று விசாரணையில் தெரிந்து அதிகாரியை வேலையை விட்டு நீக்கினார்கள். அடுத்து வந்த நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேப்பரில் வருமென்று தினமும் கேட்டேன். ஒரு வரி வரவில்லை. ஆரம்பத்தை அரைப்பக்கம் போட்டவர்களுக்கு முடிவைப் போட இடம் இல்லாமல் போய்விட்டது.

பிறகு ஒருநாள் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "கால் முன்னால வந்தவன் என்ன பண்றானுங்க?" என்று கேட்டார். "பேப்பர்ல வேலைக்குச் சேர்ந்திருக்கானுங்க" என்றேன். கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அப்புறம், "பாத்து எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றிருந்தேன், ஏறிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. அதைச் சொன்ன இடத்திலேயே, அந்தப் பால் வரிசையிலேயே, இதைப் படிக்கச் சொல்வது அதற்காகத்தான். அன்றைக்குக் கேட்டவர்களில் நாலைந்து பேர் இன்னும் பால் ஊற்றுகிறார்கள்.

உன்னை அந்த மேலாளரைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. அவர் செய்தாரா இல்லையா என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும். நீ சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை எவ்வளவு தூரம் துருவினாயோ அவ்வளவு தூரம் அவரையும் துருவு, இல்லையென்றால் இரண்டு பேரையும் விட்டுவிடு. அவள் வீட்டுக்காரன் எங்கே இருந்தால் உனக்கென்ன? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், நம் ஊர்ப் பாதி ஆண்கள் அப்படித்தான் எங்கேயோ இருக்கிறார்கள். ஒரு தடவை போர் போடுகிற ரிக் வண்டி வேலைக்கு வடக்கே போன ஆள் ஒருவன், தன்னைக் கூட்டிப்போனவன் இப்படி நடந்துகொண்டான் என்று புகார் கொடுத்தது பேப்பரில் வந்தது. அதை வேடிக்கைச் செய்தி மாதிரி எழுதியிருந்தார்கள். செக்ரட்டரி படிக்கும்போது நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அவன் ஆறு மாதம் ஊர்ப்பக்கம் வரவில்லை. பெண் சொன்னால் சந்தேகம், ஆண் சொன்னால் சிரிப்பு. செய்தவனை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. இது நீ கண்டுபிடித்த வழக்கம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவன் நீ. "மேலே இருக்கிறவங்க வெச்ச தலைப்பு" என்று இனிமேல் சொல்ல முடியாது. மேலே நீதான்.

பண்ணை விளம்பரம் கொடுக்கிறது, ஆபீசில் கோபப்படுவார்கள் என்பாய். கோபப்படட்டும். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவன் முதல் காரியமாகத் தன் தப்பைச் சரிசெய்தான் என்றால் ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் உன்னிடம் எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று தெரிந்துகொள்வார்கள். நீ கால் முன்னால் வந்தவன், சுலபமாக உன்னைத் திருப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். நல்ல பக்கம் திரும்பிவிட்டாலும் அப்படித்தான் நிற்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் தங்கச்சியும் அந்த மூன்று வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவே இல்லை. இன்னொரு வீட்டில் அவள் புருஷன், "உங்க பையன் மறுக்கா என்ன படம் போடப் போறானுங்க?" என்று கேட்டான். நான் அவனிடம் வாதாடவில்லை. போட்டது தப்பு என்று என் வாயால் சொன்னேன். சரசு வீட்டில்தான் பேச்சு கொஞ்சம் இளகியது. மற்ற இரண்டு பேரையும் அவளே அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் கேட்பது பெரிதில்லை. அந்தப் படத்தைப் போனிலிருந்து எடுக்க வேண்டும். அந்தச் செய்தி வந்த அதே நேரத்தில், அதே அளவு, படம் போட்டதும் தனியாகப் போவதாகச் சொன்னதும் தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டும். விசாரணையில் பேசுகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது. முடிவு எதுவானாலும் ஆரம்பத்தைப் போட்ட அளவுக்குப் போட வேண்டும். இதைச் செய்தால் வியாழக்கிழமை வருவார்கள்.

"செய்வானுங்களா மாமா?" என்று சரசு கேட்டாள்.

"செய்வான். புதன்கிழமை அவனே வந்து அந்தப் புள்ளகிட்ட நேர்ல சொல்லுவான்" என்றேன்.

"நீங்க சொல்றீங்க. அவரு சொல்லலயே?"

"நாஞ் சொன்னா அவன் சொன்ன மாதிரிதான் அம்மிணி." அவள் என்னை நம்பியும் நம்பாமலும் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்காக என்னைக் கோபித்துக்கொள், வந்து கோபித்துக்கொள்.

புதன்கிழமை மத்தியானம் பண்ணை வேன் மூன்று மணிக்குப் புகார் கொடுத்த பெண்ணை இறக்கிவிடும். நான் அவள் வீட்டு வாசலில் இருப்பேன். வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடாதே, உள்ளே கூப்பிட்டால் போய் உட்கார். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன், உன் வேலையே வார்த்தைதான். அவள் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல், கேட்காவிட்டால் நீயாகக் கேள்வி கேட்காதே. கேமராவையும் கூட வருகிற ஆளையும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வா. பேசி முடிந்த பிறகு, அவள் சொல்வதை எடுத்துப் போடலாமா என்று ஒரே ஒரு தடவை கேள். சரி என்றால் கூப்பிட்டுக்கொள். வேண்டாம் என்றால், வேண்டாம்தான், சாமி.

உன் அப்பா